தீ தீண்டாத ஒளி: ஜைத்தூனா மாணவர் வாழ்வு பற்றி ஒரு நூல்

மேலை நாடுகளில் கல்லூரி மாணவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதப்பெறும் நூல்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இளமையின் களியாட்டங்களையும், ஆசிரியர்களின் பூசல்களையும், காதலையும் அதன் முறிவையும் சுற்றியே நிற்பவை. கல்லூரி அங்கே ஒரு மேடை. கல்வி என்பது அம்மேடையில் தொங்கும் திரைச்சீலை. மாணவன் படித்தது என்ன, படித்தது அவனை என்ன செய்தது என்ற வினாவுக்கு அந்நூல்கள் விடை தருவதில்லை. விடை தர வேண்டுமென்று எண்ணியதாகவும் தெரியவில்லை.

அவ்வாறன்றி, ஒரு சிறிய கல்லூரியின் முதல் ஆண்டை, அதன் மாணவர்கள் கற்க வந்த நோக்கத்தையே மையமாக வைத்து எழுதிய நூல் ஒன்று நம் கைக்கு வந்தது. ஸ்காட் கார்ப் என்னும் அமெரிக்க எழுத்தாளர் எழுதி, பாஸ்டன் நகரின் பீக்கன் அச்சகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. ‘தீயில்லா ஒளி’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அமெரிக்காவின் முதல் முஸ்லிம் கல்லூரி உருவான வரலாறு என்பது அதன் துணைத்தலைப்பு. நூல் வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அது பேசும் கல்லூரியும் அதற்குப்பின் வெகுதூரம் நடந்துவிட்டது. இருப்பினும் இன்று அதை எடுத்து ஆராய நாம் முற்படுவதற்குக் காரணம் உண்டு. அந்நூல் எழுப்பும் வினா, நம் வீட்டுத் திண்ணைகளில் ஆண்டுதோறும் எழும் வினாவே ஆகும்.

தலைப்பும் பெயரும்

தலைப்பைக் கண்டதும் குர்ஆன் ஓதும் எவருக்கும் சூரத்துந் நூரின் 35ஆம் வசனம் நினைவில் எழும். மாடத்துள் விளக்கு, விளக்கைச் சூழ்ந்த பளிங்கு, அதை ஏற்ற உதவும் ஜைத்தூன் எண்ணெய், தீ தீண்டுமுன்னரே ஒளிவிடத் துடிக்கும் அவ்வெண்ணெயின் தூய்மை என்று விரியும் அவ்வுவமையைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பல கோணங்களில் விளக்கியுள்ளனர். முஃமினின் உள்ளத்தில் இயல்பாகவே அமைந்த நேர்மையே அவ்வெண்ணெய் என்றும், மேலிருந்து வரும் அறிவே அதனைத் தீண்டும் தீ என்றும் கூறுவோர் உளர். கல்லூரியின் பெயரோ ஜைத்தூனா. ஒலிவ மரத்தைக் குறிக்கும் இச்சொல், துனீஸ் நகரின் பழம்பெரும் ஜாமிஉ ஜைத்தூனாவையும் நினைவூட்டுவது. ஆகவே நூலாசிரியர் தேர்ந்த தலைப்பு கல்லூரியின் பெயரோடு இழைந்து நிற்கிறது. பிற சமயத்தவர் ஒருவர் நம் வேதத்தின் உவமை ஒன்றை இத்துணை மரியாதையோடு நூலின் முகப்பில் நிறுத்தியிருப்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இனி, ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்னும் தொடர். இதைத் ‘தாராளக் கலைகள்’ என்று தமிழாக்கினால் பொருள் கெடும். சுதந்திரமான மனிதனைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது அது. அடிமைக்குத் தொழில் கற்பித்தால் போதும். தன்னைத் தானே ஆளவேண்டிய சுதந்திர மனிதனுக்கோ சிந்திக்கவும், பேசவும், அளக்கவும் கற்பிக்க வேண்டும் என்பது அப்பழைய கொள்கை. ஐரோப்பாவின் இடைக்காலக் கல்விச் சாலைகளில் இக்கலைகள் ஏழாக வகுக்கப்பட்டிருந்தன. இலக்கணம், தர்க்கம், அணியியல் ஆகிய மூன்றும் முதற்படி. எண் கணிதம், வடிவ கணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் அடுத்தபடி.

இவ்வேழையும் மத்ரஸாவில் ஓதியவர் எவரும் அன்னியமாகக் காணார். முதல் மூன்றும் நம்முடைய நஹ்வும் மன்திக்கும் பலாகத்தும் அல்லாமல் வேறென்ன? வாரிசுரிமைப் பங்கீடு கணக்கறியாமல் நடவாது. கிப்லாவின் திசையும் தொழுகையின் நேரமும் வானியல் அறியாமல் கணிக்கப்படா. இசை ஒன்றில்தான் நம் உலமாக்கள் கருத்து வேறுபட்டனர்; ஆயினும் இசையியலைக் கணிதத்தின் கிளையாகக் கொண்டு பெருநூல் யாத்த ஃபாராபியும் நம்மவரே. எனவே இக்கலைகள் இடையறாது நம் கையிலும் புழங்கியவை. இடைக்காலத்தில் இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்தும் இருந்தது.

கல்லூரியும் அதன் மாணவரும்

அமெரிக்காவின் சிறிய கலைக் கல்லூரிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. வில்லியம்ஸ் கல்லூரி 1793இலும், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1821இலும், ஓபர்லின் கல்லூரி 1833இலும் தோன்றியவை. இத்தகைய கல்லூரிகள் பலவற்றைக் கிறிஸ்தவப் பிரிவுகளே நிறுவின. போதகர்களை உருவாக்குவது அவற்றின் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. சில நூறு முதல் இரண்டாயிரம் வரையிலான மாணவர்கள், ஆசிரியரும் மாணவரும் பெயர் சொல்லிப் பழகும் நெருக்கம், ஒரே வளாகத்தில் உறைதல், ஒரு துறையை மட்டும் பற்றாமல் பல துறைகளையும் தொட்டுக் கற்றல் என்பன அவற்றின் இயல்புகள். மேரிலாந்து மாநிலத்துச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1937 முதல் பேரிலக்கியங்களையே பாடத்திட்டமாகக் கொண்டு நடத்திவருகிறது. கத்தோலிக்கர்களும் கலிஃபோர்னியாவில் 1971இல் அவ்வழியில் ஒரு கல்லூரி கண்டனர்.

இவ்வரிசையில்தான் ஜைத்தூனாவும் வந்து சேர்ந்தது. 1996இல் கலிஃபோர்னியாவின் ஹேவர்டு நகரில் ஒரு கல்வி நிலையமாகத் தொடங்கிய முயற்சி அது. மவ்ரித்தானியாவின் பாலைவனத்து உலமாக்களிடம் ஓதிய ஷைகு ஹம்ஸா யூசுஃப், சிரியாவில் பயின்ற இமாம் ஸைத் ஷாகிர், பெர்க்கிலிப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஹாதிம் பாஸியான் ஆகிய மூவர் கூடி அதனைக் கல்லூரியாக்கினர். முன்னவர் இருவரும் இளமையில் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர்கள். 2010ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் 15 மாணவர்களோடு முதல் வகுப்பு தொடங்கியது. அப்பொழுது கல்லூரிக்குச் சொந்தக் கட்டடமும் இல்லை. பெர்க்கிலியில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களின் இறையியல் பள்ளியொன்றில் வாடகைக்கு எடுத்த அறைகளில் அரபு இலக்கணம் ஓதப்பட்டது.

அந்தப் பதினைந்து பேரின் முதலாண்டே கார்ப் எழுதிய நூலின் பொருள். குடியேறிய பெற்றோரின் மக்கள், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர், கறுப்பின அமெரிக்கர் என்று பலதிறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களோடு பழகி, வகுப்பில் அமர்ந்து, தொழுகையைப் பார்த்து, உரையாடி எழுதியிருக்கிறார் ஆசிரியர். அவர் முஸ்லிம் அல்லர். கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். ஒரு காலத்தில் பாதிரியாராகும் எண்ணமும் கொண்டிருந்தவர். அப்பின்னணி அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. இறைவனுக்காகக் கல்வி கற்பது என்றால் என்னவென்று அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

2001 செப்டம்பருக்குப் பின் அமெரிக்க எழுத்தாளர் பலர் முஸ்லிம் இளைஞனை ஐயத்தோடு அன்றிப் பார்க்க அறியார். 2010இலோ நியூயார்க்கில் ஒரு முஸ்லிம் சமுதாய மையம் எழுப்புவதை எதிர்த்துப் பெரும் கூச்சல் எழுந்திருந்தது. அந்தச் சூழலில் ஒருவர் வந்து, ‘இம்மாணவர்கள் ஆபத்தானவர்களா?’ என்று கேளாமல், ‘இவர்கள் எதைத் தேடுகிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறார். நூலின் தலையாய சிறப்பு இதுவே. அதை நாம் முதலில் சொல்லிவிட்டோம். இனிக் குறைகளைச் சொல்வது எளிது.

எந்த அளவுகோல்?

மாணவர் வாழ்வை மதிப்பிட நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஹிதாயா ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் ஸர்னூஜி (ரஹ்) எழுதிய ‘தஅலீமுல் முதஅல்லிம்’ என்னும் சிறுநூலே அது. எண்ணூறு ஆண்டுகளாக மத்ரஸாக்களில் ஓதப்பட்டு வருவது. 1947இல் நியூயார்க்கில் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 13 பாடங்கள் கொண்ட அந்நூலில் கல்வியின் சிறப்பு, நிய்யத்து, ஆசிரியரையும் தோழரையும் தேர்தல், கல்விக்குச் செய்யும் கண்ணியம், விடாமுயற்சி, பாடத்தின் அளவும் வரிசையும், தவக்குல், கற்கும் காலம், பேணுதல், நினைவாற்றல், வாழ்வாதாரம் என மாணவ வாழ்வின் எல்லாக் கூறுகளும் பேசப்படுகின்றன. ஒரு கல்லூரியைப் பற்றிய நூலை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பது முறையாகும்.

நிய்யத்து என்ற இடத்தில் கார்ப் வென்றிருக்கிறார். எட்டுத் திசையிலும் பெரும் பல்கலைக்கழகங்கள் திறந்திருக்க, அங்கீகாரம் ஏதும் பெறாத, நாளை இருக்குமா என்று தெரியாத ஓரிடத்துக்கு இளைஞன் ஒருவன் வருகிறான் என்றால் அவனை ஈர்த்தது எது? இக்கேள்வியை ஆசிரியர் விடாமல் பின்தொடர்கிறார். பட்டத்துக்காக அவர்கள் வந்திருக்க முடியாது. அன்று அப்பட்டத்துக்கு மதிப்பே நிச்சயமில்லை. ஆகவே முதல் வகுப்பு மாணவரின் நிய்யத்து, பின்வந்த எந்த வகுப்பாரின் நிய்யத்தைக் காட்டிலும் தெளிவாகத் தென்படுகிறது. தொடக்க ஆண்டைப் பொருளாகத் தேர்ந்தது ஆசிரியரின் நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

ஆசிரியரைத் தேர்தல் என்ற இடத்திலோ நூல் தடுமாறுகிறது. ஓர் உஸ்தாதைத் தேர்வதற்கு முன் இரண்டு மாதமேனும் சிந்திக்கவேண்டும் என்பது ஸர்னூஜி இமாமின் அறிவுரை. தேர்ந்தபின் விட்டு விலகலாகாது என்பதற்காகவே அத்தனை எச்சரிக்கை. ஜைத்தூனாவின் நிறுவனர்கள் நாடெங்கும் புகழ்பெற்ற சொற்பொழிவாளர்கள். ஒலிப்பதிவுகளின் வாயிலாக அவர்களுடைய குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. மேடையில் கேட்டு வியப்பது வேறு. பாயில் மண்டியிட்டு நாள்தோறும் ஓதுவது வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியர் போதிய அளவு எடைபோடவில்லை. நிறுவனர்களின் ஒளி அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஆசிரியரின் புகழைச் சார்ந்து நிற்கும் கல்லூரி, அப்புகழுக்கு வரும் சோதனைகளையும் சுமக்க நேரும். 2019இல் ஷைகு ஹம்ஸா யூசுஃப் அமெரிக்க அரசின் மனித உரிமைகள் பற்றிய ஆணைக்குழு ஒன்றில் உறுப்பினரானபோது முஸ்லிம்களிடையே எழுந்த கடும் விவாதத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அவர் செய்தது சரியா தவறா என்பது இங்கே நம் ஆராய்ச்சியன்று. கல்லூரி நபரைச் சார்ந்து நிற்கிறதா, நூல்களைச் சார்ந்து நிற்கிறதா என்னும் வினாவை 2013ஆம் ஆண்டு நூலே எழுப்பியிருக்கலாம் என்பதே நம் கருத்து.

பாடத்தின் அளவும் வரிசையும் என்ற இடத்தில் நம் ஏமாற்றம் மிகுதி. நூலை மூடியபின் நம் நெஞ்சில் நிற்பவர்கள் மனிதர்கள், பாடங்கள் நிற்கவில்லை. ஒரு சபக்கு எப்படி நடந்தது? நேற்று ஓதியதை மாணவன் எவ்வாறு தக்ரார் செய்தான்? புரியாத ஓர் இலக்கண விதி மூன்றாம் நாள் எப்படித் திடீரெனப் புரிந்தது? கற்றலின் உயிர்நிலை இவைதாம். ஷம்சுல் அயிம்மா ஸர்கஸீ (ரஹ்) அவர்கள் வயிற்று நோயால் வருந்திய ஓரிரவில், பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதற்காகப் பதினேழு முறை ஒளூச் செய்தார்கள் என்று ஸர்னூஜி இமாம் எழுதுகிறார். அந்த ஒரு செய்தியில் ஒரு மாணவ வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது. கார்ப் நமக்கு மாணவரின் பேச்சைத் தருகிறார், நள்ளிரவைத் தரவில்லை. அரபுக் கல்வியை உள்ளிருந்து அறியாதவர் வாயிற்படியில் நிற்க நேர்வது இயற்கை. அதற்காக அவரைக் குறை கூறுவதினும், உள்ளிருப்பவர் எழுதாமல் இருந்ததற்காக நம்மை நாமே குறை கூறிக்கொள்வதே பொருந்தும். எகிப்தின் டாக்டர் தாஹா ஹுஸைன் தம் அல்அஸ்ஹர் நாட்களை எழுதினார். அவருடைய முடிவுகள் பலவற்றை நாம் ஏற்பதில்லை எனினும், உள்ளிருந்து எழுதினார். நம் தமிழ்நாட்டு மத்ரஸா ஒன்றின் மாணவ வாழ்வை அவ்வாறு எழுதிவைத்த ஆலிம்கள் எத்தனை பேர்?

பேணுதலும் வாழ்வாதாரமும் பற்றி ஸர்னூஜி இமாம் சொல்வன இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். மாணவன் கடைத்தெரு உணவை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்கிறார். தூய்மைக் குறைவு ஒரு காரணம். ஏழையின் கண் அவ்வுணவில் பட்டு, வாங்க இயலாமல் அவன் மனம் நோகும் என்பது மற்றொரு காரணம். படிப்பவனின் சோற்றில் பிறர் கண்ணீர் கலந்துவிடக் கூடாது என்னும் இந்த நுட்பமான கவலைக்கு இக்காலத்தில் என்ன பொருள்? அமெரிக்க மாணவர்கள் தலையில் ஏறியிருக்கும் கல்விக் கடன் மொத்தம் ஒன்றரை இலட்சம் கோடி டாலருக்கும் மேல். பட்டம் பெறும் நாளே கடனாளியாகும் நாள் என்ற நிலை. வட்டிக் கடனின்றி மாணவர் படிப்பை முடிக்க வேண்டும் என்பதை ஜைத்தூனா தன் கொள்கையாகக் கொண்டு, சமுதாயத்தின் நன்கொடையைக் கொண்டு அதை நிறைவேற்ற முயல்கிறது. பேணுதலைப் பாடமாக நடத்துவதோடு நில்லாமல் கணக்குப் புத்தகத்திலும் ஏற்றிய இச்செயலே, நம் கருத்தில், அக்கல்லூரியின் மிகச் சிறந்த பாடம்.

ஸர்னூஜி இமாமின் அளவுகோலும் குறையற்றதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவி என்றொருத்தி அந்நூலில் இல்லை. ஜைத்தூனாவின் முதல் வகுப்பிலோ ஆண்களும் பெண்களும் இருந்தனர். இதைக் கண்டு புருவம் உயர்த்துவோர் நம்மில் உண்டு. இமாம் ஸர்னூஜிக்கு ஒரு தலைமுறை முந்திய ஹனஃபி உலகத்திலேயே ஃபாத்திமா ஸமர்கந்திய்யா என்னும் பெண்மணி இருந்தார். அவருடைய தந்தையின் வீட்டிலிருந்து வெளிவந்த ஃபத்வாக்களில் தந்தையின் கையொப்பத்தோடு அவருடைய கையொப்பமும் இருக்கும் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவரை மணந்த இமாம் காஸானி (ரஹ்) எழுதிய ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’ என்னும் பெருநூலே அவருக்கு மஹராக அமைந்தது என்பர். அத்தகைய மரபுக்கு உரியவர்கள் ஒரு பெண் பாடம் கேட்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒழுங்கு எவ்வாறு பேணப்படுகிறது என்று கேட்பதே முறை. கார்ப் இவ்விடத்தில் அனுதாபத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் மேற்சொன்ன மரபை அறிந்து எழுதியிருந்தால், மாணவிகளைப் புதுமையாகக் காட்டாமல் தொடர்ச்சியாகக் காட்டியிருப்பார்.

நூலின் பெருங்குறை அதன் கால எல்லை. விடாமுயற்சியைப் பற்றிப் பேசும் ஸர்னூஜி இமாம், தொடங்கிய கிதாபை முடிக்குமுன் விடலாகாது, ஒரு கலையை உறுதியாக்குமுன் வேறு கலைக்குத் தாவலாகாது என்று வற்புறுத்துகிறார். ஓராண்டு என்பது நிய்யத்தைக் காண்பதற்குப் போதும். விளைவைக் காண்பதற்குப் போதாது. அந்த முதல் வகுப்பார் 2014இல் பட்டம் பெற்றனர். 2012இல் பெர்க்கிலியில், பல சமயத்தாரின் இறையியல் பள்ளிகள் சூழ்ந்த குன்றில், கல்லூரி சொந்தக் கட்டடம் வாங்கியது. 2015இல் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் முஸ்லிம் கல்லூரி என்னும் பெயர் அதற்கு உரியதாயிற்று. கடைசி இரண்டு செய்திகளுள் ஒன்றும் பட்டமளிப்பும் நூலுக்குப் பின் நிகழ்ந்தவை. ஆகவே இன்று அதைப் படிப்பவர், முதல் அத்தியாயத்தை மட்டுமே படிக்கிறோம் என்னும் நினைவோடு படிக்க வேண்டும்.

நமக்கு எதற்கு?

அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக, நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம்.

மத்ரஸாவில் மன்திக் ஓதுவோர் முதலில் எடுக்கும் கிதாபு அல்லாமா அதீருத்தீன் அப்ஹரீ (ரஹ்) எழுதிய ஈஸாகூஜி. ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல், காஸ்ஸா, அரளு ஆம்மு என்னும் ஐந்து பொதுமைகளை அதில் மனனம் செய்வோம். நாமும் செய்தோம், பின்னர் நம் மாணவர்களையும் செய்வித்தோம். அவர்களுள் கூர்மதி படைத்த ஒருவர், மத்ரஸாப் படிப்பை இடையில் நிறுத்தி, ஒரு கலைக் கல்லூரியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தார். நமக்கு வருத்தம். சில ஆண்டுகள் கழித்து ஒரு பெருநாளன்று நம்மைக் காண வந்தார். பேச்சினிடையே அவர் கேட்டார்: “ஹஜ்ரத், அங்கே தர்க்கப் பாடத்தில் ஐந்து வகைப் பொதுமைகள் என்று நடத்தினார்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம் உருப்போட்டேன். எழுதி முடித்து வெளியே வந்தபிறகுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. அது நீங்கள் ஓதிக்கொடுத்த ஈஸாகூஜி அல்லவா? ஏன் ஹஜ்ரத், அதை நீங்களும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை?”

நமக்கு விடை இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பொழுது நமக்கே அது தெரியாது. ஈஸாகூஜி என்பது அரபுச் சொல்லன்று. ‘அறிமுகம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மூன்றாம் நூற்றாண்டில் ஸூர் நகரத்து ஃபர்ஃபூரியூஸ் என்பார் எழுதிய நூலின் பெயர். அது ஸிரியாக் மொழி வழியாகவும் அரபு வழியாகவும் நம்மிடம் வந்தது. லத்தீன் வழியாக ஐரோப்பியக் கல்லூரிகளுக்குச் சென்றது. அங்கிருந்து ஆங்கிலத்தின் தோளில் ஏறி நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. ஒரே நூலின் இரண்டு பிள்ளைகள் ஓர் இளைஞரின் மூளைக்குள் சந்தித்தபோது ஒருவரையொருவர் அடையாளம் காணவில்லை. அவ்விளைஞர் ஒரே கல்வியை இருமுறை, இரு அன்னியர்களாகக் கற்றார். மத்ரஸாவில் அதைத் தீனுடைய கல்வி என்று எண்ணினார். கல்லூரியில் வெள்ளைக்காரன் கல்வி என்று எண்ணினார். இரண்டும் முழு உண்மையல்ல.

ஒவ்வோராண்டும் பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் தகப்பன்மார் நம்மிடம் வருவர். “ஹஜ்ரத், பிள்ளையை ஓதப் போடலாமா, காலேஜில் போடலாமா?” என்பர். அல்லது என்னும் அச்சொல்லுக்குள் எவ்வளவு இழப்பு அடங்கியிருக்கிறது! கல்லூரிக்குச் சென்றவன் அரபை இழந்தான். மத்ரஸாவுக்கு வந்தவன் உலகத்தின் அங்கீகாரத்தை இழந்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களிடம் அந்த ‘அல்லது’ இருந்ததா? அரபிலும் அரபுத் தமிழிலும் எழுதினார்கள்; மார்க்கச் சட்டமும் மருத்துவமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. அந்த ஒருமை எங்கே முறிந்தது? முறிவுக்குப் பிறரை மட்டும் காரணம் காட்டிப் பழகிவிட்டோம். நம் மாணவர் கேட்ட கேள்வி, காரணத்தில் ஒரு பங்கு நம் பாயின் மீதும் இருக்கிறது என்பதை நமக்குக் காட்டிற்று.

இன்று சில அரபிக் கல்லூரிகள் ஆலிம் படிப்போடு பல்கலைக்கழகப் பட்டத்தையும் சேர்த்துத் தருகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆயினும் காலையில் ஒரு படிப்பு, மாலையில் ஒரு படிப்பு என்று இரு தண்டவாளங்களைப் போல அவை ஒன்றையொன்று தொடாமலே ஓடுமானால், நாம் அளிப்பது இரண்டு சான்றிதழ்கள்தாம்; ஒரு கல்வியன்று. ஒரே ஆசிரியர் ஒரே வகுப்பில், இந்த ஐந்து பொதுமைகள் இங்கிருந்து அங்கே சென்றன, அங்கே இப்படி மாறின, இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தர்க்கத்தை ஏற்றார்கள், இந்த இடத்தில் தத்துவவாதிகளை மறுத்தார்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜைத்தூனா செய்ய முயல்வது அதுவே. அதில் முழு வெற்றி கண்டுவிட்டது என்று நாம் கூறவில்லை. சின்னஞ்சிறு கல்லூரி, செல்வ நாடு, ஆங்கிலம் பேசும் மாணவர்கள். நம் நிலைமை வேறு. ஆனால் முயற்சிக்குப் பதினைந்து மாணவர்களும் வாடகை அறைகளும் போதுமாயிருந்தன என்பதை இந்நூல் காட்டுகிறது. நம் ஊர்களில் பதினைந்து பிள்ளைகளுக்கா பஞ்சம்?

நூலைப் பற்றிய நம் முடிவு இது. ஆங்கிலம் அறிந்த நம் இளைஞர்களும் பெற்றோரும் இதைப் படிக்கலாம். பிறர் நம்மை ஐயமின்றிப் பார்த்து எழுதினால் நாம் எவ்வளவு அழகாகத் தெரிகிறோம் என்பதைக் காணலாம். படிக்கையில் பக்கத்தில் ‘தஅலீமுல் முதஅல்லிம்’ இருக்கட்டும்; ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் உண்டு. கல்வியின் பாடுகளை அறிய இமாம் ஸர்னூஜியிடம் செல்க. அந்தப் பாடுகளை ஏற்க இக்காலத்து இளைஞன் ஒருவன் ஏன் முன்வருகிறான் என்பதை அறிய கார்ப்பிடம் செல்க. நம் ஆலிம்களுள் எவரேனும் தம் மாணவப் பருவத்தை, பசியையும் பாடத்தையும், பனிக்காலத்துத் தஹஜ்ஜுத்தையும், புரியாமல் உருப்போட்ட கிதாபு பின்னொரு நாள் புரிந்த இன்பத்தையும் தமிழில் எழுதினால், இந்நூலின் குறை நம் மொழியிலேயே நிரம்பும்.

கேள்வி கேட்ட அந்த மாணவர் இப்பொழுது தாமும் ஆசிரியராக இருக்கிறார். அவரைச் சந்திக்கும் போதெல்லாம் நாம் அவரிடம் ஓதிக்கொள்கிறோம். அவர் கொண்டுவரும் நூல்களுள் ஒன்றாகவே இந்நூலும் நம் கைக்கு வந்தது. இவ்வாண்டு ஈஸாகூஜி தொடங்கிய நாளில், முதல் சபக்குக்கு முன் அப்பெயரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் பெருகச் செய்வானாக!